கல்லூரி ஆலோசனை அறையில் பயிற்சிக்கு வருகிறவர்கள்

தாம்பரத்திலிருந்து மாமல்லபுரம் போகும் 515-ஆம் எண் பேருந்து வண்டலூரில் திரும்பிக் கேளம்பாக்கம் சேரும்வரை வழியெல்லாம் கல்லூரி வாசல்கள். மேலக்கோட்டையூரில் ஐ.ஐ.ஐ.டி.டி.எம்., தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம். அதே சாலையில் வி.ஐ.டி. சென்னை வளாகம். கேளம்பாக்கத்தில் செட்டிநாடு மருத்துவக் கல்லூரி. அங்கிருந்து பழைய மாமல்லபுரம் சாலையில் வடக்கே வந்தால் படூரில் இந்துஸ்தான், சிறுசேரி சிப்காட் ஐ.டி. பூங்காவுக்குள் சென்னைக் கணிதவியல் கழகம், செம்மஞ்சேரியில் சத்யபாமா. தெற்கே போனால் காலவாக்கத்தில் எஸ்.எஸ்.என். மேற்கே ஜி.எஸ்.டி. சாலையில் தாம்பரம் கிறித்தவக் கல்லூரி, வண்டலூர் கிரசென்ட், காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம்.

ஊரைவிட்டு வந்து ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் பதினெட்டு, இருபது வயதுக்காரர்கள் இவ்வளவு நெருக்கமாகக் குவிந்த பகுதிகள் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. இவர்களில் மனம் தளர்ந்த ஒருவர் வளாகத்தில் இருக்கும் ஆலோசனை அறைக்குப் போனால், எதிர் நாற்காலியில் யார் உட்கார்ந்திருப்பார்? பல இடங்களில் முழுநேர கவுன்சலர் ஒருவர் இருப்பார். அவருக்கு உதவியாக, சில சமயம் அவருக்குப் பதிலாக, உளவியல் அல்லது சமூகப்பணி முதுகலை படிக்கும் மாணவர் ஒருவர் இன்டர்ன் என்ற பெயரில் இருப்பார்.

அந்த இன்டர்ன் அங்கே என்ன கற்றுக்கொள்கிறார், யாரிடம் கற்றுக்கொள்கிறார், அவர் தவறு செய்தால் யார் பார்த்துத் திருத்துகிறார்கள் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. சட்டம், வரலாறு, வெளிநாட்டு நடைமுறை, உள்ளூர் நிலவரம் எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்தால் எனக்குக் கிடைக்கும் விடை ஒன்றுதான்: ஆலோசனை மையத்தைப் பயிற்சிக் களமாக்கலாம், ஆக்கவும் வேண்டும், ஆனால் மேற்பார்வையாளர் இல்லாத இடத்துக்கு ஒரு பயிற்சி மாணவரைக்கூட அனுப்பக் கூடாது.

தீர்ப்புகள் உண்டாக்கிய தேவை

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள் 13,044 பேர். 2025-ல் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரச்சினையை இரண்டு முறை கையில் எடுத்தது. மார்ச் 24 அன்று, உயர்கல்வி நிறுவனங்களில் மாணவர் மனநலத்தை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி எஸ். ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழு ஒன்றை நீதிபதிகள் ஜே. பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு அமைத்தது. ஜூலை 25 அன்று, விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்துவந்த மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில், நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா அமர்வு நாடு முழுமைக்குமான பதினைந்து நெறிமுறைகளை வகுத்தது. 100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் படிக்கும் ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தகுதி வாய்ந்த கவுன்சலர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. அதைவிடச் சிறிய நிறுவனங்கள் வெளியில் இருக்கும் நிபுணர்களோடு முறையான தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டும்.

மாநில அரசு இதற்கு முன்பே ஓரடி எடுத்து வைத்திருந்தது. 2022-ல் 'மனம்' என்ற பெயரில் மனநல நல்லாதரவு மன்றங்களை மருத்துவக் கல்லூரிகளில் தொடங்கியது. அதே ஆண்டில் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் தொலைபேசிச் சேவையும் தமிழில் வந்தது.

நல்ல ஏற்பாடுகள்தான். ஆனால் உச்ச நீதிமன்றத்தின் ஜூலைத் தீர்ப்பில் ஓர் இடைவெளி இருக்கிறது. நூறு பேர் படிக்கும் கல்லூரிக்கும் பத்தாயிரம் பேர் படிக்கும் வளாகத்துக்கும் கட்டாயமாக்கப்பட்டது ஒருவர்தான். மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ற விகிதம் வேண்டும் என்று தீர்ப்பு சொல்கிறது. எத்தனை பேருக்கு ஒருவர் என்று எண் தரவில்லை. அமெரிக்காவில் பல்கலைக்கழக ஆலோசனை மையங்களுக்கு அங்கீகாரம் வழங்கும் அமைப்பு 1,000 முதல் 1,500 மாணவருக்கு ஒரு முழுநேர நிபுணர் என்கிறது. அந்தக் கணக்கில் பயிற்சி மாணவர்களைச் சேர்ப்பதில்லை. அதன்படி பத்தாயிரம் பேர் படிக்கும் வளாகத்துக்கு ஏழு முதல் பத்து நிபுணர்கள் வேண்டும்.

ஒருவரை நியமித்துவிட்டு மீதி ஆறு முதல் ஒன்பது பேரின் வேலையை யார் செய்வது என்று நிர்வாகம் யோசிக்கும்போது, கண்ணில் படுகிறவர் சம்பளம் கேட்காத இன்டர்ன். ஆபத்து தொடங்குவது இங்கேதான்.

மருத்துவமனை வழி, வளாக வழி

மருத்துவ உளவியல் ஒரு துறையாகப் பிறந்ததே பல்கலைக்கழகத்துக்குள்தான். 1896-ல் லைட்னர் விட்மர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முதல் உளவியல் கிளினிக்கைத் தொடங்கினார். 1932-ல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஈ. ஜி. வில்லியம்சன் தலைமையில் உளச்சோதனை மையம் ஒன்று உருவாகி, மாணவர் ஆலோசனைக்கு முன்மாதிரியானது. இரண்டாம் உலகப் போர் முடிந்து லட்சக்கணக்கான வீரர்கள் திரும்பியபோது அவர்களைக் கவனிக்க உளவியலாளர்கள் போதவில்லை. 1946-ல் அமெரிக்க முன்னாள் வீரர் நலத்துறை பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து, மாணவர்களுக்கு ஊதியமும் கொடுத்துப் பயிற்சித் திட்டத்தை நடத்தியது. 1949-ல் கொலராடோ மாநிலம் போல்டரில் கூடிய மாநாடு, மருத்துவ உளவியலாளர் ஆய்வும் செய்ய வேண்டும், சிகிச்சையும் அளிக்க வேண்டும் என்று வகுத்தது. ஓராண்டு முழுநேர இன்டர்ன்ஷிப் முனைவர் படிப்பின் கட்டாயப் பகுதியாகி, பல்கலைக்கழக ஆலோசனை மையங்கள் அதற்கான முக்கியக் களங்களாயின.

இங்கே வழி வேறு. 1916-ல் கல்கத்தாவிலும், 1924-ல் மைசூரிலும், 1943-ல் ஜி. டி. போவாஸ் தலைமையில் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் உளவியல் துறைகள் வந்தன. ஆனால் சிகிச்சைப் பயிற்சி அந்தத் துறைகளுக்குள் வளரவில்லை. பெங்களூரில் 1954-ல் தொடங்கிய அகில இந்திய மனநல நிறுவனம் (பின்னாளைய நிமான்ஸ்) 1955-ல் ஈராண்டு டிப்ளமோ படிப்பை ஆரம்பித்தது. அதுதான் பிற்பாடு எம்ஃபில் கிளினிக்கல் சைக்காலஜியாக மாறியது. ஆக, இந்தியாவில் மருத்துவ உளவியலாளர் மனநல மருத்துவமனையின் வார்டில்தான் தொழில் கற்றார்.

சென்னையும் அப்படியே. 1794-ல் தோன்றி, பிறகு கீழ்ப்பாக்கத்துக்கு இடம் மாறிய அரசு மனநலக் காப்பகம் நகரத்தின் உளவியல், சமூகப்பணி, செவிலியர் மாணவர்களுக்கெல்லாம் பல தலைமுறைகளாகப் பயிற்சிக் கூடம். அதன் கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் சாரதா மேனன் 1984-ல் மனச்சிதைவு நோயாளிகளுக்கான ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். 1993-ல் பான்யன் என்ற மனநலத் தொண்டு அமைப்பு வந்தது. 2007-ல் அதன் கல்விப் பிரிவான பான்யன் அகாடமி வந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் இருக்கும் மத்திய அரசின் பல்வகை ஊனமுற்றோர் நிறுவனமான நீப்மெட், காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம்., போரூர் ஸ்ரீராமச்சந்திரா ஆகிய இடங்களில் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் அங்கீகாரத்தோடு எம்ஃபில் கிளினிக்கல் சைக்காலஜி நடந்திருக்கிறது. மேற்பார்வை தெரிந்த மனிதர்கள் தென்சென்னையில் இல்லை என்று சொல்ல முடியாது. அவர்கள் இருக்கும் இடம் மருத்துவமனை. மாணவர்கள் இருக்கும் இடம் கல்லூரி வளாகம்.

இந்த இரண்டு இடங்களும் கற்றுத்தருவது ஒன்றல்ல. மருத்துவமனைக்கு வருகிறவரைப் பெரும்பாலும் குடும்பம் அழைத்து வருகிறது, நோய் முற்றியிருக்கிறது, மருந்து ஓடிக்கொண்டிருக்கிறது, பக்கத்து அறையில் டாக்டர் இருக்கிறார். கல்லூரி ஆலோசனை அறைக்கு மாணவர் தனியாக வருகிறார், பெரும்பாலும் வீட்டுக்குத் தெரியாமல். நோய்க்குப் பெயர் வைக்க முடியாத நிலையில் வருகிறார். அரியர், கல்விக் கடன், காதல் முறிவு, வகுப்பில் ஆங்கிலம் பிடிபடாதது, ஹாஸ்டல் அறையில் சாதியைக் கேட்டுப் பழகும் நண்பன், ராகிங், கேம்பஸ் இன்டர்வியூவில் பெயர் வராதது என்று அவர் சொல்லும் காரணங்கள் எந்த மருத்துவமனை கேஸ் ஷீட்டிலும் முதல் வரியாக இருக்காது. மன அழுத்தநோயோ மனச்சிதைவோ முதலில் தலைகாட்டும் வயதும் இதுதான். அரியர் கவலைக்கும் ஆரம்பகட்ட நோய்க்கும் வித்தியாசம் காண்பது அனுபவஸ்தருக்கே கடினம். வார்டில் மட்டும் படித்தவருக்கு இந்தக் கண் வராது. வளாகத்தில் மட்டும் படித்தவருக்கு முற்றிய நோய் எப்படி இருக்கும் என்று தெரியாது. அதனால்தான் இரண்டும் வேண்டும் என்கிறேன்.

சட்டம் வைத்திருக்கும் கதவுகள்

சட்டத்தில் மூன்று அடுக்குகள் இருக்கின்றன. முதலாவது, 1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டம். மருத்துவ உளவியலாளர்கள் இந்த மன்றத்தின் பதிவேட்டில் வருகிறார்கள். இரண்டாவது, 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். அது மருத்துவ உளவியலாளரை வரையறுக்கும்போது, மேற்பார்வையோடு கூடிய சிகிச்சைப் பயிற்சி அடங்கிய ஈராண்டு முழுநேரப் படிப்பைக் குறிப்பிடுகிறது. பட்டத்தோடு மேற்பார்வையையும் தகுதியாகச் சட்டமே எழுதி வைத்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். மூன்றாவது, 2021-ஆம் ஆண்டின் தேசியத் துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம். மறுவாழ்வு மன்றத்தின் கீழ் வராத உளவியலாளர்கள், கவுன்சலர்கள், மனநல சமூகப் பணியாளர்கள் இதன் அட்டவணையில் இருக்கிறார்கள்.

இதற்கிடையில் படிப்புகளே ஆட்டம் கண்டன. பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் எம்ஃபில் பட்டத்தை நிறுத்தியது. ஆனால் மருத்துவ உளவியலுக்கும் மனநல சமூகப்பணிக்கும் மாற்று ஏற்பாடு தயாராக இல்லாததால், 2024 ஜனவரியில் அந்த இரண்டு எம்ஃபில்லுக்கு மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை அவகாசம் கொடுத்தது. 2025 ஆகஸ்டில், 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் சுகாதாரப் படிப்புகளையும் உளவியலையும் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று அறிவித்தது.

இந்தத் தடையின் நோக்கம் சரியானது. எதிரில் ஆளே இல்லாமல் கற்கக்கூடிய தொழில் அல்ல இது. ஆனால் விளைவு என்ன? நேரடி முதுகலைப் படிப்பில் கூட்டம் கூடும். அவர்கள் அனைவருக்கும் பயிற்சிக் களம் தேவைப்படும். மருத்துவமனை வார்டுகளில் அவ்வளவு இடம் கிடையாது. ஆக, இரண்டு பக்கமிருந்தும் தள்ளுவிசை ஒரே இடத்தில் வந்து முட்டுகிறது. கல்லூரிகளுக்கு ஆள் வேண்டும், மாணவர்களுக்கு இடம் வேண்டும். ஆலோசனை அறை இந்த இரண்டுக்கும் வசதியான விடையாகத் தெரிகிறது.

ஒரு வரியைக் கேட்பது எப்படி

மேற்பார்வை என்று சொல்லும்போது பலர் நினைப்பது, மாதக் கடைசியில் லாக்புக்கில் கையெழுத்துப் போடுவதை. உண்மையில் அது என்ன என்பதற்கு, எந்த வளாகத்திலும் நடக்கக்கூடிய ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன்.

தென்மாவட்டத்திலிருந்து வந்து இரண்டாம் ஆண்டு பொறியியல் படிக்கும் மாணவன். மூன்று அரியர். "படிச்சா மனசுல நிக்க மாட்டேங்குதுக்கா" என்று வருகிறான். எதிரில் இருப்பது முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி. தூக்கம், சாப்பாடு, படிக்கும் நேரம் எல்லாம் விசாரிக்கிறாள். மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுக்கிறாள். டைம்டேபிள் போட்டுத் தருகிறாள். அடுத்த வாரம் வரச் சொல்கிறாள். குறிப்பில் 'கவனக் குறைவு, தேர்வுப் பதற்றம்' என்று எழுதுகிறாள். அவள் செய்ததில் எதுவும் தப்பில்லை.

மறுநாள் மேற்பார்வை நேரம். மேற்பார்வையாளர் குறிப்பைப் பார்க்கவில்லை. உரையாடலை அப்படியே எழுதிய வெர்பேட்டிமைக் கேட்கிறார். வாசித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்துகிறார். மாணவன் சொன்ன வரி: "பரவால்லக்கா, இந்த செமஸ்டரோட எல்லாம் முடிஞ்சிரும்."

"என்ன முடியும்னு கேட்டியாம்மா?"

"இல்ல மேடம். அரியர் கிளியர் ஆயிரும்னு சொல்றான்னு நினைச்சேன்."

"இருக்கலாம். ஆனா நாம நினைச்சுக்கக் கூடாது. கேக்கணும்."

அன்றைக்கே மாணவனை அழைக்கிறார்கள். இந்த முறை மேற்பார்வையாளரும் உடன் உட்காருகிறார். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேட்கிறார். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்ற பயம் பலருக்கு உண்டு. ஆய்வுகள் அதை ஏற்கவில்லை. கேட்பது பெரும்பாலும் பாரத்தை இறக்குகிறது. எண்ணம் மட்டும்தானா, திட்டம் இருக்கிறதா, கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது, அறையில் கூட யார் இருக்கிறார்கள், வீட்டில் யாரிடம் பேச முடியும், ராத்திரி இரண்டு மணிக்குத் தாங்க முடியவில்லை என்றால் யாரைக் கூப்பிடுவாய் என்று ஒவ்வொன்றாக விசாரித்து, அவன் சம்மதத்தோடு ஒரு பாதுகாப்புத் திட்டம் எழுதுகிறார்கள். மனநல மருத்துவரைப் பார்க்க நாள் குறிக்கிறார்கள்.

அதற்குப் பிறகு மேற்பார்வையாளருக்கு இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. அந்த மாணவியை உட்கார வைத்து, அந்த வரியைக் காது ஏன் தாண்டிப் போனது என்று பேசுகிறார். அவளுக்கும் அன்று பயமாக இருந்திருக்கலாம். பதில் தெரியாத கேள்வியைக் கேட்கத் தயங்கியிருக்கலாம். அதைத் திட்டாமல் பேசி வெளியே கொண்டுவருவதுதான் பயிற்சி. அடுத்த முறை அவளே கேட்பாள்.

மேற்பார்வையாளர் இல்லாத அறையில் அந்த மாணவன் ஒரு டைம்டேபிளோடு திரும்பிப் போயிருப்பான்.

இந்த எடுத்துக்காட்டில் மொழிக்கும் பங்கு உண்டு. உரையாடல் தமிழில் நடக்கிறது. கேஸ் ஷீட்டை ஆங்கிலத்தில் நிரப்புகிறார்கள். நிரப்பும்போது 'தேர்வுப் பதற்றம்' என்பதற்கான ஆங்கிலச் சொல் மிஞ்சுகிறது, அவன் சொன்ன வரி மறைந்துபோகிறது. பயிற்சி மாணவர்கள் உரையாடலைப் பேசிய மொழியிலேயே எழுதட்டும் என்று ஒரு விதி போட்டாலே பாதிப் பிழைகள் மேற்பார்வையில் பிடிபடும். செலவில்லாத சீர்திருத்தம் இது.

யார் வந்துபோனார்கள் என்ற பதிவேடு

வளாகத்துக்கே உரிய இன்னொரு சிக்கல் ரகசியம். ஆலோசனை அறை நிர்வாகக் கட்டடத்தில், டீன் அறைக்குப் பக்கத்தில் இருந்தால் யாரும் வரமாட்டார்கள். வாசலில் பெயர், பதிவு எண், வந்த காரணம் என்று கட்டம் போட்ட நோட்டு இருந்தால், அடுத்து வருகிறவர் முந்தைய பெயர்களைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். "யார் யார் வந்தாங்கன்னு ஒரு லிஸ்ட் குடும்மா" என்று வார்டன் இன்டர்னிடம் கேட்டால், இருபத்திரண்டு வயது மாணவிக்கு மறுக்கத் தைரியம் வராது. 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு மனநலத் தகவல்களுக்கு ரகசியக் காப்பு தருகிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகளில்தான் விலக்கு. சட்டத்தைச் சொல்லி மறுக்கும் பொறுப்பை இன்டர்ன் தலையில் கட்டக் கூடாது. அது மேற்பார்வையாளரின் வேலை.

வயது இன்னொரு முடிச்சு. முதலாண்டில் சேரும்போது பலருக்குப் பதினேழு வயதுதான். அவர்கள் சட்டப்படி குழந்தைகள். பாலியல் துன்புறுத்தலைப் பற்றிச் சொன்னால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். "நீ சொல்றது எதுவும் வெளியே போகாது" என்று முதல் நிமிடத்திலேயே வாக்குக் கொடுத்துவிட்ட இன்டர்ன், அரைமணி நேரம் கழித்து அந்த வாக்கை மீற நேரிடும். எது வெளியே போகும், எது போகாது என்பதை ஆரம்பத்திலேயே சொல்வது பயிற்சியின் முதல் பாடமாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, உறவுக் குழப்பம். உளவியல் துறைப் பேராசிரியரே கவுன்சலர். அவருடைய மாணவியே இன்டர்ன். வருகிறவர் பக்கத்துத் துறை மாணவர். காலையில் ஆலோசனை அறையில் அழுதவர் மத்தியானம் கேன்டீனில் அதே இன்டர்னுக்குப் பின்னால் டோக்கன் வாங்க நிற்கிறார். மதிப்பெண் போடுகிறவர், மனதைக் கேட்கிறவர், பயிற்சி தருகிறவர் மூவரும் ஒருவரே என்றால் யாரும் மனம் திறந்து பேச முடியாது. இன்டர்னும் தன் தவறை ஒப்புக்கொள்ள மாட்டார். வைவா மதிப்பெண் அவர் கையில்தானே இருக்கிறது.

இலவசம் என்ற கணக்கு

அமெரிக்காவில் முனைவர் நிலை இன்டர்ன்ஷிப் இடங்களை ஒருங்கிணைக்க 1968-ல் தோன்றிய அமைப்பின் நிபந்தனைகள் நமக்கு யோசிக்க உதவும். பயிற்சி என்பது முன்கூட்டித் திட்டமிட்ட வரிசையாக இருக்க வேண்டும். வேலை செய்துகொண்டே கற்றுக்கொள்வதைப் பயிற்சித் திட்டமாக அந்த அமைப்பு ஏற்பதில்லை. வாரத்துக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் தனி மேற்பார்வை வேண்டும். மொத்தப் பயிற்சி நேரத்தில் குறைந்தது கால்பங்கு நேரடிச் சந்திப்பாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் குறைந்தது இரண்டு இன்டர்ன்கள் வேண்டும். தனியாக விடப்பட்டவர் யாரிடமும் பேச முடியாது என்பதால். புகார் சொல்ல எழுத்து வடிவில் வழிமுறை வேண்டும்.

இதை நம் கணக்கில் போட்டுப் பாருங்கள். ஒரு மேற்பார்வையாளரிடம் நான்கு இன்டர்ன்கள். தனி மேற்பார்வை எட்டு மணி நேரம், குழுவாக இரண்டு மணி நேரம். ஆக வாரத்துக்குப் பத்து மணி, அதாவது நாற்பது மணி நேர வேலை வாரத்தில் கால்பங்கு. இன்டர்ன் இலவசமாக வந்தாலும் பயிற்சி இலவசமாக நடக்காது. ஒரே கவுன்சலரை வைத்துக்கொண்டு ஆறு இன்டர்ன்களை எடுக்கும் கல்லூரி, அந்த ஆறு பேருக்கும் மேற்பார்வை தரவில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

மறுபக்கம், இன்டர்னின் பையிலிருந்தே காசு போகிறது. நிமான்ஸ் போன்ற மத்திய நிறுவனங்களில் எம்ஃபில் மாணவருக்கு உதவித்தொகை உண்டு. பொதுவாகத் தனியார் கல்லூரிகளில் மாணவர் கட்டணம் கட்டித்தான் படிக்கிறார். அதற்கு மேல், இரண்டு வார ஆன்லைன் இன்டர்ன்ஷிப்புக்குப் பணம் வாங்கிக்கொண்டு சான்றிதழ் தரும் கடைகளும் பெருகிவிட்டன. எம்.பி.பி.எஸ். முடித்த ஹவுஸ் சர்ஜனுக்கு அரசு உதவித்தொகை தருகிறது. தலைக்கு மேல் டியூட்டி டாக்டர் இருக்கிறார். உயிர் ஆபத்து விஷயத்தில் இரண்டு பேருடைய பொறுப்பும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் உளவியல் இன்டர்ன் பஸ் காசும் தானே போட்டு வருகிறார். நகரத்தில் வீடும் ஆங்கிலமும் உள்ளவர்களுக்கே இந்தத் தொழில் கட்டுப்படியாகிறது. கிராமத்திலிருந்து வந்த மாணவரின் மொழியும் வலியும் தெரிந்த கவுன்சலர் வேண்டும் என்றால், அப்படிப்பட்ட பின்னணியில் இருந்து வருகிறவர்கள் பயிற்சி பெறப் பணம் வேண்டும்.

சொல்லப்படும் மறுப்புகள்

"ஒன்றுமே இல்லாததற்கு இன்டர்னாவது இருக்கட்டுமே" என்பது முதல் மறுப்பு. இதில் நியாயம் உண்டு. பட்டம் பெறாதவர்கள் உயிரைக் காப்பாற்ற முடியும் என்பதற்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் தொடங்கிய சிநேகா, தன்னார்வலர்களைக் கொண்டே தற்கொலைத் தடுப்புப் பணியைச் செய்துவருகிறது. ஆனால் சிநேகாவின் தன்னார்வலர் சிகிச்சை தருவதாகச் சொல்வதில்லை. தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, ஒரு வரையறைக்குள் கேட்கிறார். பின்னால் அமைப்பு நிற்கிறது. அந்த உதாரணம் நிரூபிப்பது, பட்டம் இல்லாவிட்டாலும் அமைப்பு இருந்தால் வேலை நடக்கும் என்பதைத்தான். நம் இன்டர்னுக்கு அறை இருக்கிறது, கதவில் பெயர்ப்பலகை இருக்கிறது, அமைப்புதான் இல்லை.

"மேற்பார்வை தரத் தகுதியானவர்களே போதவில்லை" என்பது இரண்டாவது மறுப்பு. உண்மை. நாடு முழுவதும் மருத்துவ உளவியலாளர்கள் தட்டுப்பாடு. ஆனால் இருக்கிற சிலரை நேரடியாக நூறு மாணவர்களைப் பார்க்க வைப்பதைவிட, அவர்களுடைய நேரத்தில் ஒரு பகுதியை மேற்பார்வைக்கு ஒதுக்கினால் அடுத்த ஐந்தாண்டில் ஆட்கள் பெருகுவார்கள். தட்டுப்பாட்டைக் காரணம் காட்டி மேற்பார்வையைக் கைவிட்டால் தட்டுப்பாடு தீரவே தீராது.

மூன்றாவது, "எங்கள் மாணவர்களை வெளி ஆட்கள் பார்ப்பதா" என்ற நிர்வாகத்தின் தயக்கம். இது நற்பெயர் கவலை. சொல்லப்போனால், மாணவருக்குப் பாதுகாப்பானவர் வெளியாள்தான்.

இந்தச் சாலையில் செய்யக்கூடியது

வெளிநாடுகளில் சிறு நிறுவனங்கள் பல ஒன்றுசேர்ந்து ஒரே பயிற்சித் திட்டத்தை நடத்துவது உண்டு. தாம்பரம், வண்டலூர், கேளம்பாக்கம், சிறுசேரி வட்டத்துக்கு அது அப்படியே பொருந்தும். முட்டுக்காட்டிலிருந்து காட்டாங்குளத்தூர் வரை எல்லாம் ஒரு நாளில் போய்வரக்கூடிய தூரம்.

இன்டர்ன்களை மாற்றி அனுப்ப வேண்டும். ஒரு வளாகத்தில் படிக்கிறவர் அங்கே பயிற்சி எடுக்காமல் அடுத்த வளாகத்துக்குப் போகட்டும். கேன்டீன் சங்கடமும் வைவா பயமும் அதோடு தீரும். சென்னைக் கணிதவியல் கழகம் போன்ற சிறிய நிறுவனங்கள் தனி மையம் கட்டத் தேவையில்லை. கூட்டமைப்பில் சேர்ந்தால் போதும். மருத்துவக் கல்லூரிகளிலும் சிறப்பு நிறுவனங்களிலும் இருக்கும் மருத்துவ உளவியலாளர்களுக்கு மேற்பார்வைக்கென மணிக்கணக்கில் ஊதியம் கொடுத்து அழைக்க வேண்டும். செலவைக் கல்லூரிகள் மாணவர் எண்ணிக்கைக்குத் தகுந்தபடி பகிர்ந்துகொள்ளலாம். பயிற்சியில் ஒரு பகுதி மருத்துவமனை வார்டிலும் ஒரு பகுதி வளாகத்திலும் நடக்க வேண்டும். முதல் மாதம் இன்டர்ன் யாரையும் தனியாகப் பார்க்கக் கூடாது. உடன் உட்கார்ந்து கவனிக்கட்டும், பிறகு பார்வையின் கீழ் செய்யட்டும், அதற்குப் பிறகுதான் தனியாக. வருகிற மாணவரிடம் 'நான் பயிற்சியில் இருக்கிறேன், என்னை இன்னார் மேற்பார்வையிடுகிறார்' என்று முதலிலேயே சொல்லி ஒப்புதல் பெற வேண்டும். வேண்டாம் என்றால் மூத்தவரிடம் அனுப்ப வேண்டும்.

இவற்றில் எதற்கும் புதுச் சட்டம் தேவையில்லை. உச்ச நீதிமன்றத்தின் நெறிமுறைகள் இருக்கின்றன. மேற்பார்வையைத் தகுதியாகச் சொல்லும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பல்கலைக்கழகங்கள் தங்கள் இணைப்புக் கல்லூரிகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

கடைசியாக இரண்டு பேருக்குச் சொல்ல வேண்டியது உண்டு. உளவியல் முதுகலை படிக்கும் மாணவர்களே, இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பிக்கும்போது சான்றிதழ் தருவீர்களா என்று கேட்காதீர்கள். என் மேற்பார்வையாளர் யார், அவர் வாரத்தில் எத்தனை மணி நேரம் என்னோடு உட்காருவார், அவசரம் வந்தால் யாரை அழைப்பது என்று கேளுங்கள். பதில் இல்லாத இடத்துக்குப் போகாதீர்கள். பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கும் பெற்றோரே, பிளேஸ்மென்ட் சதவீதம் கேட்கும் அதே கவுன்டரில், எத்தனை மாணவருக்கு ஒரு முழுநேர கவுன்சலர் என்றும் கேளுங்கள். அந்தக் கணக்கில் இன்டர்னைச் சேர்த்துச் சொன்னால், சேர்க்காமல் சொல்லச் சொல்லுங்கள்.